பாலத்துக்கு அடியில் ஒரு நர்மதை

காலை ஆறு மணிக்கு ஒலிபரப்புக் கூடத்தில் உட்கார்ந்ததும் நான் வாசிப்பது போக்குவரத்து நிலவரம். கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல், எந்த மேம்பாலத்தில் விபத்து, எந்தத் தடத்தில் லாரி பழுதாகி நிற்கிறது என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மேம்பாலங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மும்பை போய்வரும்வரை.

அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா மாட்டுங்காவில் இருக்கிறார். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகிப் போனவர். மாட்டுங்கா என்றால் மும்பைக்குள் ஒரு சின்னத் தமிழ்நாடு. பூக்கடையில் நம் தமிழிலேயே பேரம் பேசலாம். 1940-லிருந்து நடக்கும் கபே மெட்ராஸில் ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் நின்றோம். நின்றதில் நஷ்டமில்லை.

அம்மாவுக்கு இனிப்புநீர். தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கோலாலம்பூரில் அவர் இருக்கும் அடுக்குமாடி நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் நடப்பதற்குக் கார் நிறுத்துமிடம்தான். ஐந்து சுற்று முடிப்பதற்குள் இரண்டு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துவிடும்.

“எழுந்திருடி, நடக்கப் போகணும்” என்று பெரியம்மா மறுநாள் விடியும்முன் என்னை உலுக்கினார். ஏதோ பூங்காவுக்குப் போகப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் நேராக அம்பேத்கர் சாலையின் நடுவுக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் டாக்சிகளும் பேருந்துகளும் ஓட, தலைக்கு மேலே துல்புலே மேம்பாலம். அதன் அடியில் வேலி, ஒரு வாசல், உள்ளே நீல நிறத்தில் வளைந்து வளைந்து போகும் நடைபாதை.

நானாலால் டி. மேத்தா பூங்கா என்று பெயர். 600 மீட்டர் நீளம். நடைபாதையை நர்மதை ஆற்றின் வடிவத்தில் அமைத்திருக்கிறார்கள். ஆறு பிறக்கும் அமர்கண்டக்கில் தொடங்கிக் கடல்வரை போகலாம். வழியில் உள்ள ஊர்ப்பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு கல்லாக நின்று என்னை வாசிக்கச் சொன்னார். ஓங்காரேஸ்வரர் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த குஜராத்தித் தாத்தா சிரித்துக்கொண்டே அவரும் கைகூப்பினார்.

மேலே வண்டி ஓடும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் ‘டடக்’ என்று ஒரு அதிர்வு. பத்து நிமிடத்தில் காது பழகிவிடுகிறது. தூணோரம் ஒரு பையன் தேர்வுப் புத்தகத்தை மடியில் விரித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பாலத்தின் அடியில் மழை விழாது, வெயிலும் பக்கவாட்டிலிருந்து மட்டும்தான். அதனால் யாராவது தண்ணீர் ஊற்றினால்தான் செடி பிழைக்கும். ஊற்றியிருந்தார்கள்.

“முன்னாடி இது எப்படி இருந்துச்சு தெரியுமா?” என்று பெரியம்மா ஆரம்பித்தார். பாலம் கட்டி முடித்ததும் கீழே வண்டிகளை நிறுத்தினார்கள். குப்பை சேர்ந்தது, சீட்டாட்டம் வந்தது. அக்கம்பக்கத்தினர் பணம் போட்டுக் காவலாளி வைத்தார்கள், மாநகராட்சிக்கு மனுமேல் மனு எழுதினார்கள். 2016-ல் பூங்கா திறந்தது. தானும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டதை அவர் மூன்று முறை சொன்னார்.

குறை இல்லாமலில்லை. உள்ளே வருவதற்கே ஓடும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புகையைச் சுவாசித்துக்கொண்டே உடற்பயிற்சி செய்வது நல்லதா என்பது இன்னொரு கேள்வி. மும்பையில் மேம்பாலம் என்றால் அதன் அடியில் படுத்துறங்க யாராவது இருப்பார்கள். வேலி போட்டபிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “அது தெரியலையே” என்றார். நல்ல பூங்காதான், ஆனால் அந்தக் கேள்வியை நான் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

ஊர் திரும்பிய வாரமே அம்மாவின் தோட்டத்துக்கு நோட்டீஸ் வந்தது.

தோட்டம் என்றால் பெரிதாக எதையும் நினைக்காதீர்கள். அடுக்குமாடிச் சுவருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே விட்டுப்போன நீளமான துண்டு நிலம் அது. கறிவேப்பிலையும் முருங்கையும் அம்மாவுடையவை, பண்டான் இலையும் செராயும் கீழ்வீட்டு மாக்சிக்குடையவை. மூலையில் கங்கோங் கீரை போட்டவர் நான்காம் மாடிச் சீன அங்கிள். அது ரிசர்வ் நிலம், பதினான்கு நாளில் காலி செய்ய வேண்டும் என்று கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான். நெடுஞ்சாலை ஓரத்தில் குழாய் போகும், கம்பி போகும், ஒருநாள் சாலையையே அகலப்படுத்துவார்கள். அந்த ஒருநாள் வரும்வரை அங்கே லாலான் புல் மட்டும்தான் வளர வேண்டுமா?

நம் ஊரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பங்சாரில் உயர் அழுத்த மின்கம்பிகளின் அடியில் கிடந்த 8 ஏக்கர் சரிவு நிலத்தை, 2017-ல் நிலவடிவமைப்பாளர் இங் செக் சானும் தன்னார்வலர்களும் ‘கெபுன்-கெபுன் பங்சார்’ ஆக்கினார்கள். காய்கறி, பழமரம், தேனீப்பெட்டி, ஆடு, கோழி எல்லாம் உண்டு. பிள்ளைகளை ஒரு ஞாயிறு கூட்டிப்போங்கள். அங்கேயும் சிக்கல் வராமலில்லை. 2021-ல் பிராணிகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்து செய்தியானது. இதுபோன்ற இடங்களில் வேர்விடுவது செடிக்குச் சுலபம், மனிதர்களுக்குத் தற்காலிக அனுமதிதான்.

அம்மாவுக்குப் பெரியம்மாவின் கையெழுத்து ஞாபகம் வந்துவிட்டது. “நாமளும் ஒரு மனு எழுதலாம்மா” என்றார். நான் மலாயில் எழுதினேன், மாக்சிக் திருத்தினார், சீன அங்கிள் நிலத்தை அளந்து வரைபடம் போட்டார். கையெழுத்து முப்பத்தொன்று. நிரந்தரக் கட்டடம் எதுவும் கட்ட மாட்டோம், வேண்டும்போது ஒப்படைத்துவிடுவோம், நடுவே நடப்பதற்கு மட்டும் ஒரு பாதை விடுகிறோம் என்று கேட்டிருக்கிறோம்.

பதினான்கு நாள் போய்விட்டது. பதிலும் வரவில்லை, மண்வாரி இயந்திரமும் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பெயிண்ட் வாளியில் மாற்றி வாசலில் வைத்திருக்கிறார். தினமும் காலை நான் நெரிசலை வாசித்து முடித்ததும் அவரிடமிருந்து போன் வருகிறது: “லட்டர் வந்துச்சாம்மா?”