கட்டம் போட்ட சட்டை

உடையைப் பற்றிய பேச்சை அற்பமென்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். சோற்றுக்கே வழியில்லாதபோது சட்டைத் துணியைப் பற்றி என்ன விசாரணை என்பர். ஆனால், தீபாவளிக்கு முந்திய கிழமையில் மலையகத்து லயமொன்றின் வாசலில் நின்று செவிகொடுத்தால், தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே தர்க்கம் மூட்டுவதில் சம்பளப் பேச்சுக்கு அடுத்தபடியாக நிற்பது சட்டைதான் என்பது விளங்கும். கொழும்பில் புடைவைக் கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ வேலை பார்த்துவிட்டு அட்டன் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் இளைஞன், கட்டம் போட்ட சட்டையணிந்து வருகிறான். தகப்பனுக்கும் அதேபோல் ஒன்று கொண்டு வருகிறான். அவரோ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னாடா இது, சாரத்த வெட்டிச் சட்ட தச்சிருக்கானுக" என்கிறார்.

தகப்பன் அறிந்த கட்டத் துணி இடுப்புக்கு உரியது. துரை வரும் பாதையில், மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, தலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாய் ஒதுங்கி நின்றவர்களின் பிள்ளை அவர். கடைவீதியில் 'தோட்டக்காட்டான்' என்ற சொல், முகத்தைப் பார்த்துப் பிறந்ததைவிட உடையைப் பார்த்துப் பிறந்ததே அதிகம். வெள்ளைச் சட்டையோ, கணக்கப்பிள்ளையும் மருந்து கொடுக்கும் ஐயாவும் வாத்தியாரும் அணிந்தது. தம் மகனை அந்த வெள்ளைக்குள் காண வேண்டுமென்பதற்காகவே எத்தனையோ பேர் மழையிலும் மலையேறினர்.

மகனைக் கேட்டால் கணக்கு வேறு. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வெள்ளைச் சீருடைத் துணியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வரிசையில் நின்றவன் அவன். "வெள்ளைய போட்டா இன்னும் ஸ்கூல் பொடியன்னுதான் சார் நெனைப்பாங்க" என்றான் என் பழைய மாணவன் ஒருவன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியபின் கொழும்புக்கு ரயிலேறியவன். தகப்பனுக்கு விடுதலையாய்த் தோன்றும் நிறம், அவனுக்குத் தோல்வியின் நிறம். யாரைக் கண்டிப்பது?

இந்தத் துணியின் பூர்விகத்தைச் சற்றே விசாரித்தால், நம் முன்னோரை அனுப்பிவைத்த தமிழகத்தையே அது காட்டுகிறது. பழவேற்காட்டுத் துறையின் பெயரால் மலாய் மக்கள் தங்கள் கட்டச் சாரத்தை 'பெலிகாட்' என்கின்றனர். அமெரிக்கர் 'மதராஸ்' என்கின்றனர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்து பெரும்பொருள் குவித்த எலிஹு யேல், 1718இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குத் துணி முதலிய ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் அனுப்பினார். சரக்கு விற்ற பணத்துக்கு நன்றியாகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் முதலிய பழம்பெரும் கல்லூரிகளை அங்கே 'ஐவி' என்பர்; அவற்றின் செல்வ மாணவர் உடுத்திய பாணிக்கும் அதுவே பெயர். அந்தப் பாணியில் கோடைக்காலச் சட்டையாக மதராஸ் கட்டம் இடம்பிடித்தது.

பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் சொல்லிவந்த கதையொன்று உண்டு. 1958இல் அவர் விற்ற 10,000 கெஜம் கைத்தறிக் கட்டத் துணி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையைச் சேர்ந்ததாம். அவுரியும் மஞ்சளும் ஏறிய துணி. குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் வாங்கியவர்களை எட்டவில்லை. சலவையில் சாயம் கரைந்தது, முறைப்பாடுகள் குவிந்தன. விளம்பரக்காரர் சும்மாயிருப்பரோ? சாயம் போவதே இதன் சிறப்பு, போகாவிட்டால் அசல் அன்று என்று பறைசாற்றினர். சாயம் வெளுப்பது பெருமையாயிற்று! நம் லயத்துத் தாய்மாரோ புடைவைக் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "சாயம் போகுமா?" என்பதே. ஆண்டுக்கு ஒருமுறை துணி எடுப்பவளுக்கு வெளுப்பு எப்படி அழகாகும்?

இந்த ஐவி மோகம் ஜப்பானையும் தொட்டது. 1964 செப்டம்பரில், ஒலிம்பிக் விழாவுக்கு முன்னதாக, அந்தப் பாணியில் உடுத்தி டோக்கியோவின் கின்சா வீதியில் நின்ற இளைஞரைப் பொலிசார் பிடித்துச் சென்றனர். அங்கும் முதியோர்க்கும் இளையோர்க்கும் சட்டையில்தான் சண்டை. அடுத்த மாதம் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப விதித்தது. துணிக்குச் சென்னை என்ற பிறப்பிடம் விலையைக் கூட்டியது. அத்திசையிலிருந்து வந்த மனிதனிடமிருந்து 1948இலேயே குடியுரிமையைப் பறித்தாயிற்று. தகப்பனின் வெறுப்பை நான் இங்கிருந்தே விளங்கிக்கொள்கிறேன். கட்டம் அவருக்கு ஊர் முத்திரை; அந்த முத்திரைக்கு அவர் கொடுத்த விலையை யேல் மாணவன் கொடுத்ததில்லை.

எனினும் அவர் பக்கம் முழுதாய்ச் சாயவும் எனக்கு இயலவில்லை. நான் கட்டச் சட்டையோடு பாடசாலைக்குப் போவதுண்டு. ஓய்வுபெறவிருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர், அவரும் லயத்தில் பிறந்தவரே, ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, மேசன் பாஸ் மாதிரி வாறீங்களே, நம்ம புள்ளைங்க யாரப் பாத்து வெளிய வரப்போகுதுங்க?" என்றார். "மேசன் பாஸின் மகனும் என் வகுப்பில்தான் இருக்கிறான், சேர்" என்றேன். வெள்ளைச் சட்டையைக் கண்டு எழுந்து நிற்கப் பழகிய பிள்ளை, நாளை எந்த வெள்ளைச் சட்டைக்கும் எழுந்து நிற்குமே என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் யன்னல் வழியே தேயிலை மலையைப் பார்த்திருந்தார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா, எங்கப்பா எனக்கு மொத வெள்ளச் சட்ட எடுக்க ஆட்ட வித்தாரு" என்றார்.

திங்கட்கிழமை மறுபடியும் அதே சட்டையில் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, முதற்பாடத்துக்கு எழுந்து நடந்தார்.