ஒரே சீட்டு, பதின்மூன்று மேசை

சித்திரை, வைகாசியில் கும்பகோணத்தில் காவிரி மணலாகக் கிடக்கும். சம்பா அறுப்பு முடிந்து, வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்திருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா என்று பத்திரிகையைப் புரட்டுவதைத் தவிர மிராசுதார்களுக்கு வேறு வேலை இராது. எங்கள் பக்கத்து பிரிட்ஜ் டோர்னமெண்ட் அந்த இடைவெளியில்தான் நடந்தது. "தண்ணி வந்துட்டா ஒருத்தரும் எட்டிப்பார்க்க மாட்டா, அதுக்குள்ள முடிச்சுடணும்" என்று கிளப் செயலாளர் பறப்பார்.

நான் ஆடியவன் அல்லன், ஸ்கோர் எழுதியவன். கணக்கு வரும், எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற இரண்டு காரணங்களுக்காக, காலேஜில் படித்துக்கொண்டிருந்த என்னை அடுத்த வீட்டு வக்கீல் மாமா இழுத்துக்கொண்டு போனார். ஆட்டம் தெரியாதவன் எழுதினால்தான் பாரபட்சம் இராது என்பது அவர் வாதம்.

நல்ல வருஷத்தில் பதின்மூன்று மேசை சேரும். மேசைக்கு நாலு பேராக 52 பேர். சீட்டுக்கட்டின் எண்ணிக்கையும் ஆளின் எண்ணிக்கையும் ஒன்றாகிவிட்டால் செயலாளருக்குத் தலைகால் புரியாது. மாயவரம், மன்னார்குடி, தஞ்சாவூர் என்று வக்கீல்கள், டாக்டர்கள், ரயில்வேக்காரர்கள், பாங்க் ஏஜெண்டுகள் வருவார்கள். வடக்கு-தெற்கு ஜோடி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. ரவுண்டு முடிந்ததும் கிழக்கு-மேற்கு ஜோடி எழுந்து அடுத்த மேசைக்குப் போகும். சீட்டு செருகிய போர்டு எதிர்ப்பக்கமாக முந்தைய மேசைக்கு நகரும். ஆடிய சீட்டைக் கலைப்பதில்லை. அவரவர் சீட்டு பதின்மூன்றையும் போர்டில் அவரவர் திசைக்குரிய பையில் செருகிவிட வேண்டும். ஆகவே ஒரே சீட்டைத்தான் பதின்மூன்று மேசையும் ஆடும். கை சரியில்லை என்று யாரும் தலையெழுத்தை நொந்துகொள்ள வழியில்லை. ஒரே வாய்க்கால் பாய்ச்சல், ஒரே விதை, அடுத்தடுத்த வயல். ஒருவர் மாவுக்குப் பத்து மூட்டை காண்பார், வரப்புக்கு அந்தப் பக்கம் ஆறுதான் தேறும். அந்தக் கதைதான்.

போர்டோடு மடித்த ஸ்லிப் ஒன்றும் மேசை மேசையாகப் போகும். வடக்கில் இருப்பவர் அதில் ஸ்கோரை எழுதி மடித்து வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்து 26 ஸ்லிப்பும் என் மேசைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பாதி ஸ்லிப்பில் வெற்றிலைச் சாறு. சுண்ணாம்பு விரல் பட்டு 420 என்பது 120-ஆ 420-ஆ என்று தெரியாது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பேனா பதிந்த தடம் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு ஜோடியும் அதே சீட்டை ஆடிய எத்தனை ஜோடியை விட நன்றாக ஆடியது என்பதுதான் கணக்கு. ஒருவரை முந்தினால் 2, சமம் என்றால் 1. பன்னிரண்டு மேசையில் நாலு ஸ்பேட்ஸ் ஆடி 420 எடுத்திருக்க, ஒரே ஒரு மேசையில் நோ டிரம்ப் ஆடி 430 எடுத்தார்கள் என்று வையுங்கள். அந்த மேசைக்கு 24, மற்ற பன்னிரண்டுக்கும் தலா 11. கூட்டினால் 156. ஸ்லிப்பில் எந்த எண் விழுந்திருந்தாலும் கூட்டுத்தொகை 156 வந்தாக வேண்டும். வராவிட்டால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான். பத்துப் புள்ளி வித்தியாசத்துக்கு இத்தனை வெகுமதியா என்று மன்னார்குடி மிராசுதார் ஒருவர் வருஷா வருஷம் கேட்பார். அடுத்த வருஷமும் நோ டிரம்ப்தான் ஆடுவார்.

அப்போதெல்லாம் ஏலத்தை வாயால்தான் கேட்பார்கள். ஒரே "டபிள்" என்ற சொல்லை ஒருவர் சொன்னால் கட்டளை, இன்னொருவர் சொன்னால் கெஞ்சல். குரலில் சேதி வைக்கக் கூடாது என்பது விதி. தஞ்சாவூர்க்காரர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? பாட்டுக் கேட்டு வளர்ந்த காது. அரை மாத்திரை நீண்டாலும் பார்ட்னருக்குப் புரிந்துவிடும். எதிராளிக்கும் புரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

1987-இல் சர்வதேச விதி மாறி, டபிள் சொன்ன ஆட்டங்கள் சிலவற்றில் நாலு கை குறைந்தால் 700 என்றிருந்தது 800 ஆயிற்று. அட்டவணையைத் திருத்தி ஒட்டினேன். பெரியவர்கள் பலர் கடைசிவரை 700 என்றே எழுதினார்கள்.

பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மேசை நாலாகி, ஒன்றாகி, அங்கே ரம்மி வந்து உட்கார்ந்தது. ரம்மி திறமையாட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியாயிற்று, நான் மறுக்கவில்லை. ஆனால் காசு வைத்து ஆடும் ரம்மியில் ஸ்கோர் என்பது பணப் பட்டுவாடா. ஒரே கையைப் பக்கத்து மேசை எப்படி ஆடியது என்று யாரும் கேட்பதில்லை; கேட்கவும் முடியாது.

2015-இல் உலக பிரிட்ஜ் போட்டி சென்னையில் நடந்தபோது வேடிக்கை பார்க்கப் போனேன். போலந்து, ஸ்வீடனைத் தோற்கடித்து பெர்முடா பௌல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. மேசைக்குக் குறுக்கே தட்டி. பார்ட்னர் முகம் தெரியாது, குரலும் கிடையாது, அட்டை எடுத்து வைத்து ஏலம். கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. சுத்தமான வேலை, குறை சொல்ல மாட்டேன். மூன்று வருஷம் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது. பர்தனுக்கு அப்போது 60 வயது. சீட்டாடிக் குடும்பத்தைக் கெடுத்தவர் என்று பெயர் வாங்கிய எங்கள் ஊர் ஆட்டக்காரர்களில் நாலு பேராவது அன்றைக்கு இருந்திருக்கலாம்.

கம்ப்யூட்டரால் ஆகாதது போஸ்ட்மார்ட்டம். பலகையில் முடிவு எழுதியதும் என்னைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். அந்தச் சண்டை கிளப்பில் முளைத்து, பஸ் ஸ்டாண்டு வரை வளர்ந்து, வருஷக்கணக்கில் ஓடும். கிளப்பில் பிரிட்ஜ் நின்று வெகுகாலத்துக்குப் பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் பழைய ஜோடி ஒன்று அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தது. ரசம் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஓய், ஹார்ட்ஸ் ஏஸ் எங்கிட்டதான் இருக்குன்னு உமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

"நீர் டபிள் சொன்ன லட்சணத்துல ஏஸ் எங்கே இருந்துது, ஓய்?"

எதிர்ப் பந்தியில் என்னைப் பார்த்துவிட்டார்கள். "தம்பி, நீ சொல்லு. அந்த போர்டுல எங்களுக்கு எத்தனை போட்டே?"

"இருபத்துநாலுக்கு மூணு மாமா."

"பாரும், மூணு வந்திருக்கு! எனக்கு முட்டைன்னு இல்ல இத்தனை நாளாச் சொல்லிண்டிருந்தீர்?"