தாண்டாத குதிரையும் ஊசிக்கோடும்!

திருப்பூரில் போய், "இங்கே குதிரை எங்கே சார் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கிணற்றடி மோட்டாரைக் காட்டுவார்கள். 'அஞ்சு குதிரை', 'ஏழரைக் குதிரை' என்று கணக்கும் சொல்வார்கள். மீதி அரைக் குதிரை எங்கே போச்சு என்று கேட்கக் கூடாது. அவர்களுக்கு ஷிப்மென்ட் இருக்கிறது.

நிஜக் குதிரையைப் பார்க்க வேண்டுமென்றால், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்ய வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ரூம் பையன்களோடு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை கோபி பஸ் பிடித்தால் அங்கிருந்து அந்தியூர் பக்கம்தான். எல்லாம் சேர்த்து எழுபது கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. ஜன்னலோர சீட் கிடைத்தால் நல்ல பயணம். கிடைக்காவிட்டால் அது ஆன்மிகப் பயணம்.

அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழா. அதை ஒட்டிக் கூடுகிற குதிரைச் சந்தை தமிழ்நாடு பூராவும் பிரசித்தம். திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்பது ஊர்ப் பேச்சு. காத்தியவார், மார்வார் என்று வடக்கத்திக் குதிரைகள் நிற்கும். காதுகளைப் பார்த்தால் அடையாளம் தெரியும். இரண்டு காது நுனியும் உள்பக்கம் வளைந்து, ஒன்றையொன்று தொட்டு ரகசியம் பேசுவது மாதிரி இருக்கும். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற குதிரையைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

குதிரை வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். அப்புறம் விரலால் தடவித் தடவி ஒன்றைத் தேடுவார். சுழி! நெற்றியில், கழுத்தில், முதுகில் முடி சுழித்திருக்கிற இடங்கள். இந்த இடத்தில் இருந்தால் யோகம், அந்த இடத்தில் இருந்தால் எஜமானுக்கு ஆகாது என்று பெரிய சாஸ்திரமே இருக்கிறது. "சுழி சுத்தமா இருக்கோணுமுங்க. மத்ததெல்லாம் அப்புறந்தானுங்க" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர்.

எனக்கு இதில் ஒரு சௌகரியம் தெரிந்தது. நாளைக்குக் குதிரை தள்ளிவிட்டால், 'ஓட்டினவன் சரியில்லை' என்று யாரும் சொல்லப் போவதில்லை. சுழி சரியில்லை! ஆபீஸில் கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிற மாதிரி.

கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வாய்க்கால். இரண்டடி அகலம் இருந்தால் அதிகம். இருபது வயசுப் பையன் ஒருவன் பழுப்புக் குதிரையில் ஏறி அதைத் தாண்டப் பார்த்தான். விறுவிறுவென்று வந்த குதிரை, கரையில் சடன் பிரேக். பையன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பித்தான். மறுபடியும் வந்தான், மறுபடியும் பிரேக். மூன்றாவது தடவை குச்சியால் நாலு போட்டான். குதிரை பக்கவாட்டில் திரும்பிக் கூட்டத்துக்குள் வர, பத்திரிகைக்காரர் உட்பட எல்லோரும் திசைக்கு ஒருவராக ஓடினோம்.

"சுழிக் குதிரைடோய்!" என்று ஒரு குரல்.

சுழி பற்றிச் சொன்ன அதே பெரியவர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். குச்சியைப் பிடுங்கிப் போட்டார். குதிரையை நாற்பதடி பின்னால் நடத்திக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"குதிர நின்ன எடத்தையே பாத்துட்டு நிக்காத தம்பி. நீ எங்கிருந்து கோணலா வந்தேன்னு பாரு. நேரா வா. கிட்ட வந்தவொடனே கவுத்த இழுக்காத. கீழ தண்ணியப் பாக்காத, அந்தப் பக்கம் வேப்பமரத்தப் பாரு."

பையன் வேப்பமரத்தைப் பார்த்தான். குதிரை வாய்க்காலைத் தாண்டியது. கூட்டம் விசிலடித்தது. பெரியவர் மறுபடியும் வந்து வேறொரு குதிரைக்குச் சுழி தேட ஆரம்பித்துவிட்டார். சாஸ்திரம் வேறு, சவாரி வேறு!

* * *

அந்த நாற்பதடியை வைத்துத்தான் உலகத்தில் ஒரு பெரிய விளையாட்டே நடக்கிறது. ஒலிம்பிக்ஸில் 'ஈவென்ட்டிங்' என்று பெயர். ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று பரீட்சை. முதலில் டிரெஸ்ஸாஜ். சொன்ன இடத்தில் சொன்னபடி நடந்து காட்டுகிற பரதநாட்டியம். இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. மேடு, பள்ளம், குளம் என்று பல கிலோமீட்டர் ஓடி, வழியில் வைத்திருக்கிற மரக்கட்டை, வேலி, பள்ளம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். மூன்றாவது ஜம்பிங். தட்டினால் விழுகிற கம்புகள்.

கிராஸ் கன்ட்ரி தடைகள் அப்படிச் சுலபமாக விழாது. குதிரை மோதினால் பெரும்பாலும் விழுவது குதிரைதான்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட் தேடுகிற ஜாதி. இந்த விளையாட்டில் கிரெடிட்டே கிடையாது. எல்லாம் டெபிட்! குதிரை ஒரு தடையில் நின்றால் 20 பெனால்டி. அதே தடையில் மறுபடியும் நின்றால் 40. மூன்றாவது தடவை நின்றால் வீட்டுக்குப் போகலாம். குறித்த நேரத்துக்கு மேல் போகிற ஒவ்வொரு விநாடிக்கும் 0.4. ஜம்பிங்கில் ஒரு கம்பு விழுந்தால் 4. கடைசியில் யார் கணக்கில் கடன் குறைவோ அவர் ஜெயித்தார்.

நம்மவர்கள் சாமானியமில்லை. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் இதில் தனிநபர் தங்கம் வாங்கியவர் ரகுபீர் சிங். குழுத் தங்கமும் நமக்குத்தான். அதற்கப்புறம் தனிநபர் பதக்கத்துக்கு 36 வருஷம் காத்திருந்தோம். 2018 ஜகார்த்தாவில் பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்ஸா வெள்ளி வாங்கினார்.

அதே ஃபவாத், அதே குதிரை செய்னர் மெடிகாட், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போனார்கள். கணக்கைப் பாருங்கள். டிரெஸ்ஸாஜில் 28.00. பிரமாதமான ஆரம்பம். கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடையிலும் குதிரை நிற்கவில்லை. ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டி 28 விநாடி. பெருக்கினால் 11.20. ஜம்பிங் முதல் சுற்றில் 8, இறுதிச் சுற்றில் 12.40. மொத்தம் 59.60. இருபத்துமூன்றாவது இடம்.

இருபத்தெட்டு விநாடி! நம் ஊர் டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுகிற நேரம். அது எந்தத் தடையிலும் போகவில்லை. தடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, தாண்டி, மறுபடியும் வேகம் பிடிக்கிற இடங்களில் அரை விநாடி, ஒரு விநாடியாகக் கசிந்தால்தான் இப்படிச் சேரும். அந்தப் பாதையில் எதிர்பார்க்கப்பட்ட வேகம் நிமிஷத்துக்கு 570 மீட்டர். மணிக்கு 34 கிலோமீட்டர் சொச்சம். அவினாசி ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நம் பைக் இந்த வேகம் போனாலே தேங்காய் உடைக்கலாம்.

* * *

பெரியவர் சொன்ன மூன்று விஷயத்துக்கும் காரணம் குதிரையின் உடம்பிலேயே இருக்கிறது.

குதிரைக்குக் கண் இரண்டு பக்கமும். சுற்றுவட்டாரம் பூராவும் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால், மூக்கடியில் ஒரு சின்ன இருட்டு. தடைக்கு ரொம்பக் கிட்டே வந்ததும் தாவ வேண்டிய தடையே அதன் பார்வையிலிருந்து நழுவிவிடும். தூரத்திலிருந்து வரும்போது பார்த்ததை வைத்துத்தான் தாவுகிறது. தலையை ஏற்றி இறக்கித் தூரம் பார்க்கிற அந்தச் சமயத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால், கணக்குப் போடுகிறவன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கின மாதிரி. கோணலாக வந்தால், பார்க்கவே நேரம் கிடைக்காது.

ஓட்டுகிறவர் குனிந்து தடையைப் பார்த்தால் என்ன ஆகும்? தலை முன்னே போகும், தோள் முன்னே போகும், பாரம் முழுக்கக் குதிரையின் முன்னங்கால் மேல் இறங்கும். எந்தக் காலைத் தூக்க வேண்டுமோ அதே காலில் மூட்டை! குதிரை நிற்காமல் என்ன செய்யும்? அப்போது அடித்தால், 'இந்த மாதிரி இடத்துக்கு வந்தால் அடி விழும்' என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

சில சமயம் தப்பு ஓட்டுகிறவர் மேலும் இருக்காது. பிரிட்டனில் குதிரைப் பந்தயத் தடைகளில் காலங்காலமாக ஆரஞ்சு வர்ணம் அடித்து வந்தார்கள். மனுஷக் கண்ணுக்குப் பளிச். குதிரைக்கு ஆரஞ்சும் புல்லின் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்று. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு இதைச் சொன்ன பிறகு, 2022-ல் வெள்ளைக்கு மாற்ற முடிவு செய்தார்கள். அதுவரை தடுமாறிய குதிரைகளை என்னென்ன திட்டியிருப்பார்களோ!

ஒரு வேடிக்கையான விதி. போட்டிக்கு முன்னால் அந்தப் பாதையை நடந்து பார்க்க ஓட்டுகிறவருக்கு அனுமதி உண்டு, குதிரைக்குக் கிடையாது. அவர் காலடியால் அளந்து, எங்கே திரும்புவது, எங்கே மெதுவாவது என்று மனசில் எழுதிக்கொள்வார். குதிரை அந்தத் தடையை முதன்முதலாகப் பார்ப்பதே பாய்ந்து வரும்போதுதான். தெரிந்தவர் மேலே உட்கார்ந்திருக்கிறார், தெரியாதது கீழே ஓடுகிறது. அப்புறம் பழியை யார் மேல் போடுவது நியாயம்?

இதில் உயிரும் இருக்கிறது. சினிமாவில் சூப்பர்மேனாகப் பறந்த கிறிஸ்டோஃபர் ரீவ், 1995 மே மாதம் அமெரிக்காவில் இப்படியொரு கிராஸ் கன்ட்ரியில் ஓட்டினார். மூன்றாவது தடையில் குதிரை நின்றது. அவர் தலைகீழாக விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து, 2004-ல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான். ஆகவேதான் ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் கட்டாயம். பலமாக மோதினால் உடைந்து இறங்குகிற மாதிரி ஆணி வைத்த தடைகள் வந்திருக்கின்றன. ஓட்டுகிறவர் ஒருமுறை விழுந்தால் அன்றைக்குப் போட்டியே முடிந்தது. 'ஒண்ணுமில்லை சார், இன்னொரு தடவை பார்க்கிறேன்' என்கிற வீரத்துக்கு இடமில்லை. தப்பைப் படிக்கிற வேலை மறுநாள், சின்னத் தடையில், நிதானமாக.

* * *

சந்தை முடிந்து திருப்பூர் திரும்பி, மறுநாள் தெரிந்த பனியன் கம்பெனி ஒன்றுக்குப் போனால் அங்கேயும் இதே கதை. செக்கிங் டேபிளில் ஒரு அக்கா துணியை விளக்கடியில் இழுத்துப் பார்த்து, 'ஊசிக்கோடு' என்று ஒதுக்கி வைத்தார். மேலிருந்து கீழ்வரை மெல்லிசாக ஒரு கோடு. நிட்டிங் மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தால் துணி நீளத்துக்கும் அந்தக் கோடு ஓடும். கோடு தெரிந்தது செக்கிங்கில். தப்பு நடந்தது, சில நாள் முன்னால், வேறொரு ஷெட்டில், வேறொரு ஷிஃப்டில்.

செக்கிங் அக்காவைத் திட்டுகிற சூப்பர்வைசரும் உண்டு. மிஷின் நம்பர் பார்த்து, போய் ஊசியை மாற்றுகிற சூப்பர்வைசரும் உண்டு. முதல் ஆளின் கம்பெனியில் அடுத்த ரோலிலும் கோடு வரும்.

ஊருக்கே இந்தப் பாடம் ஒருமுறை பெரிசாக நடந்திருக்கிறது. சாயத் தண்ணீர் நொய்யலில் போய்க்கொண்டே இருந்தது. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி நின்றது. கறை தெரிந்தது அணையில், வழிந்தது சாயப்பட்டறையில். கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மறுபடி உபயோகிக்கிற ஏற்பாட்டுக்கு ஊர் மாற வேண்டி வந்தது. நாற்பதடி பின்னால் போய்ப் பார்க்க இத்தனை வருஷம்!

குதிரை ஏறிப் பார்க்க ஆசையா? கோயமுத்தூரில் முறையாகச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட் கொடுக்காத இடத்தில் ஏறாதீர்கள். முதல் நாளே வேலி தாண்டக் கூப்பிடுகிறவரிடம் காசு கட்டாதீர்கள். வெறும் வேடிக்கை போதுமென்றால் இருக்கவே இருக்கிறது ஆடி மாத அந்தியூர். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

சட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. பஸ் ஏறுமுன் காதர்பேட்டையில் ஒரு ரவுண்டு வந்தேன். எக்ஸ்போர்ட் மிச்ச டி ஷர்ட்கள் குவிந்து கிடந்தன. ஒன்றில் வேலி தாண்டுகிற குதிரைப் படம். அழகாகத்தான் இருந்தது, எண்ணினால் காலுதான் மூன்று!

"என்னங்க, குதிரைக்குக் கால் குறையுதே?" என்றேன்.

கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"குதிர மேல குத்தமில்லீங்ணா. பிரின்டிங்ல ஸ்கிரீனு அடைச்சுக்கிச்சுங்க. ரெண்டாப் போட்டுத் தரட்டுங்களா?"