டிஸ்க் இல்லாத பெட்டி

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

2004 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு சண்டை. "கன்சோல் எல்லாம் இனிமே காலி, எல்லாமே போன்லதான்" என்று ஒரு கட்சி. "பிளேஸ்டேஷன் இருக்கிற வரைக்கும் கன்சோலை அசைக்க முடியாது" என்று எதிர்க்கட்சி. நடுவில் ஒருவன், "மிஸ்கிட்ட கேளுங்கடா, நம்ம கேசட்டை எல்லாம் அவங்கதான பிடுங்கி வச்சாங்க" என்று என்னை இழுத்துவிட்டான். பிடுங்கியது உண்மை. முழுப் பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுத்ததும் உண்மை. அதை மட்டும் ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

இயற்பியல் டீச்சருக்கு இதில் என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். கும்மிடிப்பூண்டியில் பாடம் நடத்திய காலம் முழுக்க உங்கள் பைகளில் என்னென்ன வந்தது என்று பார்த்தவள் நான்.

முதலில் வந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ சில நூறு ரூபாய்க்கு வாங்கி வருவீர்கள். லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர், சாமுராய் என்று ஆளுக்கொரு பெயர். பெயர் எதுவானாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் ஒரே சரக்கு. 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல். நீங்கள் பத்தாம் வகுப்பில் மரியோவும் கான்ட்ராவும் ஆடியது உங்களைவிட வயதில் மூத்த இயந்திரத்தில். கேசட் மேலே "9999 இன் 1" என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில பத்துகூடத் தேறாது, அதே விளையாட்டு வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிப் போடுவீர்கள். ஊதியதால் அது ஓடவில்லை, பிள்ளைகளே. வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதில் பின்கள் சரியாகப் பொருந்தியதால்தான் ஓடியது. உங்கள் மூச்சின் ஈரம் செம்புக்குக் கெடுதல்தான் செய்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாத்து சுடும் துப்பாக்கி இப்போது புது டிவியில் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு பெண் போன தீபாவளிக்குக் கேட்டாள். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது வெறும் கண். விசையை இழுத்ததும் திரை ஒரு நொடிப் பொழுதுக்குக் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் உடனே கண்ணில் பட்டால் வாத்து விழும். குண்டு டிவியில் படம் உடனுக்குடன் வரும். எல்சிடி டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, சற்றுத் தாமதித்துத்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி "தப்பு" என்று தீர்மானித்துவிடும்.

குண்டு டிவி என்றதும் 2006 ஞாபகம் வருகிறது. அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கிய ஆண்டு. 14 இன்ச். அதன்பிறகுதான் டிவி கேம் காலனி வீடுகளுக்கும் போனது. 2011இலிருந்து இலவச மடிக்கணினி வந்தது. பாடத்துக்குக் கொடுத்ததில் வைஸ் சிட்டி ஓடியது. பென் டிரைவில் ஒரு வகுப்பு முழுக்கப் பரவ ஒரு நாள் போதும். 2016இல் ஜியோ வந்து இன்டர்நெட் மலிவானது. பின்னாலேயே பப்ஜி வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தபோது ஊரே துக்கம் காத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த வரிசையில் சோனியின் பிளேஸ்டேஷன் எங்கே என்று கவனித்தீர்களா? நம் பக்கத்தில் அது வீட்டுப் பொருளாக இருந்ததே இல்லை. பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2இல், விலை 49,990 ரூபாய். சிப்காட்டில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையனுக்கு அது மூன்று நான்கு மாதச் சம்பளம். அதில் போடும் ஒரு புது விளையாட்டு அப்போது 4,999. இந்த விலையில் கன்சோல் நம் ஊரில் எப்படிப் பிழைத்தது என்றால், கேம் சென்டரில்தான் பிழைத்தது. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடுகிற கடை. உலகத்தில் பிஎஸ்2 மட்டும் சுமார் 16 கோடி விற்றது என்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கணக்கில் ஒரு பெட்டிக்கு நூறு பேர் வீதம் ஆடியிருப்பார்கள்.

நம் மாணவன் ஒருவன் ஸ்டேஷன் பக்கம் அப்படி ஒரு சென்டர் வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், விடுகிறேன். நாலு டிவி, இரண்டு பிஎஸ்4, ஒரு பிஎஸ்5. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை. ரோலிங் மில்லிலும் பவுண்டரியிலும் வேலை செய்கிற ஒடிசா, பீகார் பையன்கள் வாரம் ஒரு லீவு நாளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்ப் பையன் ஒருவனும் ஒரு ஒடியாப் பையனும் கால்பந்து ஆடினார்கள். இவனுக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவன் பாஷை தெரியாது. திட்டுவது மட்டும் இருவருக்கும் புரிந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன், எட்டுப் பேர் தங்கும் ரூமில் ஃபேன் ஓடாது, இங்கே ஏசி ஓடுகிறது என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். நாற்பது ரூபாய்க்கு அது நியாயமான விலைதான்.

கடைக்காரனின் முதலீடு டிவியும் பெட்டியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் அலமாரியைத் திறந்து காட்டினான். அறுபது டிஸ்க் இருக்கும், பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்ட். பையன்களுக்குச் சலித்துப் போனதை விற்று, அந்தக் காசில் வேறொன்று வாங்குவான். திருவள்ளூர், பொன்னேரிக் கடைக்காரர்களோடு மாற்றிக்கொள்வான். "மிஸ், இப்ப டிஸ்க் போடுற இடமே இல்லாத பெட்டி விக்கிறானுங்க. எல்லாரும் அதுக்குப் போயிட்டா நான் எதை வித்து எதை வாங்குறது?" என்று கேட்டான். கன்சோலின் எதிர்காலம் என்று நீங்கள் சண்டை போடுவதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

(வீட்டில் ஆட விற்ற டிஸ்க்கை வைத்துக் கடை நடத்தக் கம்பெனிகளின் நிபந்தனையில் இடமில்லை என்று நம் வக்கீல் மாப்பிள்ளை எழுதப் போகிறார். தெரியும், மாப்பிள்ளை. பிஎஸ்2 காலத்தில் ஐம்பது ரூபாய் டிஸ்க் ஓடியதும் தெரியும். அது திருட்டுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இப்போது அவன் அலமாரியில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்.)

2013இல் நடந்ததைக் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இன்டர்நெட்டில் சேர வேண்டும், டிஸ்க்கைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு என்றது. சோனிக்காரர்கள் உடனே ஒரு குட்டி வீடியோ போட்டார்கள். விளையாட்டைப் பகிர்வது எப்படி என்று காட்டும் வீடியோ. ஒருவர் டிஸ்க் பெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்கிறார், அவ்வளவுதான் வீடியோ. உலகமே சிரித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அதே சோனி 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ என்ற பெட்டியை விட்டது. அதில் டிஸ்க் போட இடம் இல்லை. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2இல் இன்னொரு புதுமை. சில விளையாட்டுகளுக்குக் கடையில் விற்கும் கேசட்டில் விளையாட்டே இருக்காது, இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டும் இருக்கும். டப்பா வாங்கினால் உள்ளே மளிகைக் கடை முகவரி எழுதிய சீட்டு இருப்பதுபோல.

டிஸ்க் இருந்தால் மட்டும் எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். யூபிசாஃப்ட் என்ற கம்பெனி 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. ஒன்பது வருஷமாக டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. அந்தக் கோபத்தில் ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கலிபோர்னியாவிலோ, இப்படி விற்பதற்கு 'வாங்கு' என்ற சொல்லைப் போட்டால் 'இது உரிமம் மட்டும்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2025 தொடக்கத்திலிருந்து சட்டம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. பழைய படம், பழைய பாட்டு இந்தக் கதிக்கு ஆளானால் நாம் சும்மா இருப்போமா?

விலையும் தலைகீழாகிவிட்டது. 2000இல் 299 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009இல் 99 டாலருக்கு வந்துவிட்டது. பழசாகப் பழசாக மலிவாவதுதான் வழக்கம். அதனால்தான் நம் மாதிரி ஊர்களுக்குக் கடைசியிலாவது வந்து சேரும். பிஎஸ்5 அமெரிக்காவில் 499க்கு வந்து, ஐந்து வருஷம் கழித்து 2025 ஆகஸ்டில் 549 ஆனது. காரணங்களில் ஒன்று இயற்பியல். முன்பெல்லாம் சிப்பைச் சிறிதாக்கச் சிறிதாக்கச் செலவு குறைந்தது. இப்போது சிறிதாக்குவதற்கே பெரும் செலவு ஆகிறது. இறக்குமதி வரி, நாணய மதிப்பு எல்லாம் அதன் மேல் சேர்கின்றன.

கிளவுட் கட்சிக்காரர்களே, உங்களுக்கும் வருகிறேன். பெட்டியே வேண்டாம், எங்கோ இருக்கும் கணினியில் ஆட்டம் ஓடும், படம் மட்டும் நமக்கு வரும் என்கிறீர்கள். கூகுள் அதைத்தான் ஸ்டேடியா என்று 2019இல் தொடங்கி 2023 ஜனவரியில் மூடியது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 17 மில்லி செகண்ட். நீங்கள் பட்டனை அழுத்திய செய்தி போய், படம் திரும்பி வருவதற்குள் இரண்டு மூன்று படம் தாண்டிவிடும். சதுரங்கத்துக்குப் பரவாயில்லை, சண்டை விளையாட்டில் நீங்கள் அடிக்கும் முன் அடி வாங்கியிருப்பீர்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட்டும் சிக்னலும் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் கணிப்பு, கன்சோல் ஒழியாது. வசதியுள்ள வீட்டின் பொருளாகச் சுருங்கும். பார்க்கவும் கம்ப்யூட்டர்போல ஆகிவிடும். மற்றவர்களுக்குப் போன். அங்கேதான் எனக்குக் கவலை. போன் விளையாட்டு இலவசம் என்று உள்ளே இழுத்து, துப்பாக்கிக்குச் சட்டை, சட்டைக்குக் கலர் என்று காசு கேட்கிறது. மூடிய பெட்டியை விற்று உள்ளே என்ன வரும் என்று அதிர்ஷ்டம் பார்க்கச் சொல்கிறது. 2018லேயே பெல்ஜியம் இதைச் சூதாட்டம் என்று சொல்லி நிறுத்தியது. நம் உறவில் ஒரு வீட்டில் பையன் அப்பாவின் கணக்கிலிருந்து எடுத்தது எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். கேம் சென்டருக்கு நாற்பது ரூபாயோடு போனால் நாற்பது ரூபாய்தான் போகும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை விட்டவர்களைக் காட்டி "கேம் ஆடிக் கெட்டான்" என்று சொல்கிறீர்கள். அது சீட்டாட்டம், வீடியோ கேம் இல்லை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் கொண்டுவந்த சட்டமும் காசு கட்டி ஆடுவதைத்தான் தடுக்கிறது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

பெங்களூரில் இருக்கும் என் பேரனிடம் இருப்பது டிஸ்க் இல்லாத பெட்டி. கோடை லீவில் வந்தபோது, தான் முடித்த ஒரு விளையாட்டைக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் தம்பி பேரனுக்குக் கொடுக்க ஆசைப்பட்டான். "எப்படிக் குடுக்கிறது பாட்டி?" என்றான். அக்கவுண்ட் பெயரைக் கொடுக்க வேண்டும், பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும், அதோடு அவன் அப்பாவின் கார்டும் சேர்ந்து வரும். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய பொருள், கையில் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. இரண்டு பேரும் வெளியே போய்ப் பட்டம் விட்டார்கள்.

சென்டர்காரத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அடுத்த பெட்டி எதுவானாலும் டிஸ்க் போடும் இடம் உள்ளதை வாங்கு. இரண்டுக்கும் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் வாங்கு. டிஸ்க்கை விற்று மாற்றியே அந்தப் பத்தாயிரத்தை எடுத்துவிடுவாய். அந்தப் பிஎஸ்2வை எடைக்குப் போடாதே. அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். அதில் 2009இல் சோனி வெளியிட்ட 'தேசி அட்டா'கூட அவனிடம் இருக்கிறதாம். கபடி, கில்லி, பட்டம் எல்லாம் அதில் உண்டு. ஒரு பயலும் தொடுவதில்லை என்றான். நான் போய் ஆடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பரணில் பழைய டிவி கேம் பெட்டியோ கேசட்டோ வைத்திருப்பவர்கள் காயலான் கடையில் போடாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். திருவள்ளூரிலிருந்து பஸ் பிடித்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அடாப்டர் போயிருந்தாலும் பரவாயில்லை, சால்டரிங் அயர்ன் இன்னும் என்னிடம் இருக்கிறது. குண்டு டிவி ஒன்றும் வேண்டும், 14 இன்ச் போதும். வாத்துத் துப்பாக்கி யாரிடமாவது இருந்தால் முதலில் அவர்கள் சொல்லுங்கள்.