நாகலிங்க மரத்தடியில் ஒரு பாடம்

வானொலியில் பேசிப் பிழைக்கிறவளுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பினாங்கு தாவரவியல் பூங்காவில் அம்மா எனக்கு அந்த வேலையைத்தான் கொடுத்தார். "ஒரு மணி நேரம் அந்தக் கல்பெஞ்சில உட்காரு. என்கிட்ட எதுவும் பேசாதே."

முந்தின இரவுதான் கோலாலம்பூரிலிருந்து இரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி என்று வந்து சேர்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்கு இன்னும் முழுதாக விடியவில்லை. பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் 1884-ல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய தோட்டம் இது. நுழைவாயில் பக்கம் நாகலிங்க மரங்கள். அடிமரத்திலேயே பூக்கும் அந்தப் பூவின் வாசம் பனியோடு கலந்து வந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கையில் சாப்பாட்டுப் பை இருந்தால் மட்டும் குரங்குகளிடம் கவனமாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு 67 வயது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளைத் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஏறியவர். இரண்டு வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சில வாரங்களில் கூடிவிட்டது. பயம் போகவில்லை. வீட்டுக் கூடத்திலேயே சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார். நானும் தினமும் போன் போட்டு, "எங்கேயும் போகாதீங்கம்மா" என்று அந்தப் பயத்துக்கு உரம் போட்டேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். நடக்கும்போது ஏதாவது கேட்டால், அம்மா நின்று பதில் சொல்லிவிட்டு, பிறகுதான் அடுத்த அடி வைப்பார். மரியாதை என்று நினைத்தேன். அது வேறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1997-ல் சுவீடன் ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள்: பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள், பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம். இளவயதில் நடை தானாக ஓடுகிறது. வயதானால் அதற்கும் கவனத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. பேசவும் கவனம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால் கால் நிற்கிறது, அல்லது தடுமாறுகிறது.

பக்கத்து வீட்டுச் சீன அன்ட்டி தாய்ச்சி வகுப்புக்கு அழைத்தபோது நான்தான் தடுத்தேன். "இந்த வயசில் புதுசா என்னத்தைக் கத்துக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாளே போய்விட்டார்.

இப்போது பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். இருபது பேர் இருக்கும். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். "பெலான்-பெலான்" என்கிறார் சிஃபு. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் எடை மெல்ல நகர்கிறது. மூச்சு எங்கே, பாதம் எங்கே, கை எங்கே என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. கண்ணை மூடாத தியானம்.

புதிய அசைவு ஒன்றைக் கற்கும்போது முதலில் உழைப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. பழகப் பழக அந்த வேலை சிறுமூளைக்கும், மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புத் திரள்களுக்கும் கைமாறுகிறது. ஸ்டூடியோவில் என் விரல்கள் பார்க்காமலே ஒலிக்கட்டுப்பாட்டைத் தள்ளுவது இப்படித்தான். கவனத்தைச் சிதறாமல் வைத்துக்கொள்ளப் பழக்குவது தியானம். கற்கத் தொடங்கும் அந்த முதல் கட்டத்துக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

வயதான மூளையும் கற்றுக்கொள்ளும். 2008-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், சராசரி 60 வயதுள்ளவர்கள் மூன்று மாதம் மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கப் பழகினார்கள். இளைஞர்கள் அளவுக்குக் கைவரவில்லை. ஆனாலும் மூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்தியதும் அது குறைந்தது. 2012-ல் அமெரிக்காவில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரம் இருமுறை, 24 வாரம் தாய்ச்சி செய்தவர்களின் உடல் சமநிலை மற்ற பயிற்சிகள் செய்தவர்களைவிட நன்றாக இருந்தது.

இதற்காக எட்டு வாரத்தில் மூளையே மாறிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிவிடாதீர்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த 2022 ஆண்டின் ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சியால் மூளையின் அமைப்பில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. அம்மாவுக்கு ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் அழுத நாட்களும் உண்டு என்று அன்ட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்து, தோட்டத்தைச் சுற்றும் பாதையில் நடந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"தைப்பூசத்துக்குப் படி ஏறப் போறீங்களாம்மா?"

"ஏறுறது பெரிசில்ல. இறங்குறதுதான். நூறு படியோ, அம்பதோ, முடிஞ்ச வரைக்கும் ஏறிட்டு வருவேன். நீ கைய புடிக்கக் கூடாது, பின்னாடி வந்தா போதும்."

சொல்லிக்கொண்டே போனார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அம்மாவின் கால்கள் நிற்கவே இல்லை. அதைப் பார்த்தபடி நான்தான் நின்றுவிட்டேன்.

பத்தடி போன பிறகு திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா நின்னுட்டே? வா, கோப்பி குடிக்கலாம்."