துறையும் பாலமும்

எங்கள் வத்தளையைக் கொழும்பிலிருந்து பிரிப்பது களனியாறு. நாம் பாவாதமலை என்றும் மற்றவர்கள் சிவனொளிபாதமலை, ஸ்ரீபாத என்றும் சொல்லும் மலைத்தொடரில் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவந்து மட்டக்குளிக்கருகே கடலில் சேர்கிறது. ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்த இடமென்று 1344இல் அந்த மலையேறிய இப்னு பதூதா, கொழும்பைப் பார்த்துவிட்டுப் புத்தளம் திரும்பினார். வடக்கே போகிறவர் களனியைத் தாண்டாமல் போக முடியாது. அவரையும் ஒரு தோணிக்காரர்தான் அக்கரை சேர்த்திருப்பார்.

அந்தத் தோணித்துறைகள் ஊர்ப்பெயர்களில் இன்னும் இருக்கின்றன. பெரிய துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்தான் கிராண்ட்பாஸ் ஆனது. துறைக்குப் பக்கம் என்பதைச் சிங்களத்தில் சொன்னால் தொட்டலங்க. 1822இல் ஆங்கிலேயர் படகுகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேல் பாதை போட்டார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வந்தது. பிறகு வேறு பாலங்களும் வந்தன. பாலம் கட்டக் கட்ட வாகனமும் பெருகியது.

அந்த நெரிசலின் கனம் எங்கள் வீட்டுக்குத் தெரியும். வாப்பாவுக்கு நெஞ்சுவலி கண்ட ஒரு காலையில், பேலியகொடையில் வாகனங்களுக்கு நடுவே அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். உம்மா அவருடைய கையைப் பிடித்தபடி யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். முன்னால் ஆறும் அதன் மறுகரையும் தெரிந்தன. எங்களால் நகர முடியவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் வாப்பா அன்று தப்பினார்.

2021 நவம்பர் 24ஆம் திகதி ‘கல்யாணி பொன் நுழைவு’ திறக்கப்பட்டது. கோபுரங்களிலிருந்து சாய்ந்திறங்கும் வடங்கள் தாங்கும் பாலங்களில் இலங்கைக்கு இதுவே முதலாவது. நீளம் 380 மீற்றர், ஆறு வழித்தடங்கள். கட்டுநாயக்க நெடுஞ்சாலையிலிருந்து வருகிறவர் ஆற்றைக் கடந்து ஒருகொடவத்தை, இங்குருகடைச் சந்திப் பக்கம் இறங்கலாம். திறந்த புதிதில், இரவில் வடங்களில் மாறும் வண்ணவொளியைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நாங்களும் போனோம். வாப்பா வாகனத்தின் கண்ணாடியை இறக்கி, “இது அன்றைக்கு இருந்திருந்தால்” என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஆகவே இந்தப் பாலத்தை வெறும் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் இது யப்பானியக் கடனுதவியில் எழுந்தது. திறந்து ஐந்து மாதம் முடியுமுன், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நாடு நிறுத்தியது. எரிபொருளுக்கு வரிசையில் கிடந்த ஓட்டோக்காரரும், பால்மா தேடி அலைந்த தாயும், இந்தப் பாலத்தில் ஒருநாளும் ஏறாதவர்களும் சேர்ந்துதான் அந்தக் கடனைச் சுமக்கிறார்கள். பாலத்துக்காக வீடு விட்டெழுந்த குடும்பங்களும் உண்டு.

தோணியில் போனவர் துறையில் இறங்கினார், தேநீர் குடித்தார், ஓடக்காரருக்குக் காசு கொடுத்தார். துறை இருந்த இடத்தில் கடை வந்தது, பள்ளி வந்தது, ஊர் வந்தது. பொன் நுழைவோ அந்த ஊர்களுக்கு மேலால் போகிறது. அதில் போகிறவருக்குக் கீழே இருப்பவை கூரைத் தகரங்கள் மட்டுமே.

அவசரத்துக்குப் போகிறவர்க்கு இந்தப் பாலம் ஓர் அருள்; அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அவசரமில்லாத நாளில் நான் இப்போதும் தொட்டலங்கப் பக்கமாகவே போகிறேன். அங்கே சலாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.