கமல மட்டும் பாஸ்

போன ஓகஸ்ட் லீவுல, ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் பட்டியலைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. விழா வருது, மலர் போடப்போறாங்க, கடைசிப் பக்கங்களில் எல்லாருடைய பேரும் வரணும். "நீ கம்பியூட்டர்தானே படிக்கிற?" என்றார்கள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

பழைய சேர்விடாப்புகளைப் பார்த்து ஆளாளுக்கு டைப் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். சிலர் யூனிகோடில். சிலர் ஆங்கில எழுத்தில். ஒருத்தர் இன்னமும் பாமினி எழுத்துருவில். மொத்தம் 312 பேர். இடையில் கேள்விக்குறி, இலக்கம், கை தவறி விழுந்த அடைப்புக்குறி எல்லாம் கிடந்தன. அதைச் சுத்தம் பண்ண பைத்தனில் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். முன்னெழுத்தையும் இடைவெளியையும் எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிறது எல்லாம் எழுத்துதானா என்று பார். இல்லையென்றால் 'பிழை' என்று தள்ளிவை. அதற்கு பைத்தனில் 'இஸ்-ஆல்ஃபா' என்று ரெடிமேடாவே ஒன்று இருக்கு. ஒரே வரி வேலை.

ஓட்டினேன். 312இல் 41 பேர் பாஸ். 271 பேர் பிழை.

பாஸானவர்கள் யார் என்று பார்த்தேன். 29 பேர் ஆங்கில எழுத்தில் டைப் செய்யப்பட்டவர்கள். 11 பேர் பாமினிக்காரர்கள். பாமினியில் நம் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. புள்ளி வருகிற இடத்தில் உள்ளே அரைப்புள்ளிக் குறி இருக்கும் என்பதால் புள்ளி வைத்த பெயர்கள் அங்கேயும் பெயில். இது 40. நேரடியா யூனிகோடு தமிழில் எழுதித் தேறிய ஒரே ஒருத்தர்: கமல.

பெயிலானவர்களில் என் அம்மாயியும் ஒருத்தி. மாரியாயி, மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள்.

கொழும்பில் சொஃப்ட்வெயார் வேலை செய்யும் பெரியம்மா மகனுக்கு போன் போட்டு, "அண்ணா, பைத்தனுக்குத் தமிழ் தெரியாதாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பிழை எங்க? உன் கோட்லயா, லைப்ரரியிலயா, கம்பைலர்லயா? அதைப் பிரிச்சுப் பாத்துட்டுப் பேசு தங்கச்சி."

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனா அன்று இரவு முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கம்பைலர் என்பது நாம எழுதுகிறதை முதலில் வாசித்து, சரியா எழுதியிருக்கா என்று பார்த்து, மெஷினுக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற ஆள். லைப்ரரி என்பது மொழியோடு கூடவே வருகிற ரெடிமேட் கருவிகள். சோதனைக்கு எடுத்துக்கொண்ட சொல், நம்ம ஊர்: மாத்தளை.

மாத்தளை என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்து, அதில் ஒரு இலக்கத்தைப் போட்டேன். பைத்தன் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. 2008இல் வந்த பைத்தன் 3இலிருந்தே இப்படிப் பெயர் வைக்கலாம். ஆக, வாசிக்கிற ஆளுக்கு மாத்தளை ஒரு முழுப் பெயர். அதே சொல்லை இஸ்-ஆல்ஃபாவிடம் கொடுத்தால், இல்ல, இது எழுத்து இல்ல. சொற்களைப் பிரித்தெடுக்கிற ரெகெக்ஸ் லைப்ரரியிடம் கொடுத்தால் இன்னும் மோசம். ஒரு சொல்லை மூன்றாக வெட்டித் தந்தது: ம, த, தள. காலும் புள்ளியும் ஐகாரக் கொம்பும் காற்றோடு போச்சு.

காரணம் யூனிகோடின் வகைப்பாட்டில் இருக்கு. நாம மாத்தளையை மா, த், த, ளை என்று நான்கு எழுத்தாகப் பார்க்கிறோம். யூனிகோடில் அகரம் தவிர்ந்த உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. ம ஒன்று, கால் ஒன்று, இப்படி ஏழு துண்டு. அதில் ம, த, ள எல்லாம் 'எழுத்து' வகை. காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் 'குறி' வகை. இஸ்-ஆல்ஃபா 'எழுத்து' வகையை மட்டும்தான் கேட்கும். (ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் கேட்டால் நான்கு என்றே எண்ணிச் சொல்லும். ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்ல.) அப்போ பாஸாக வேண்டுமென்றால் பெயரில் ஒரு குறிகூட இருக்கக் கூடாது. தமிழில் அப்படி எத்தனை பெயர் இருக்கு, யோசிச்சுப் பாருங்க. சிங்களத்துக்கும் இதே கதிதான். நிமல் என்பதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன், அவரும் பெயில். இந்த ஒரு விஷயத்தில் ரெண்டு மொழிக்கும் சம உரிமை.

கண்டுபிடிச்சுட்டேன் என்ற சந்தோஷத்தில் பைத்தனின் பிழைப் பதிவேட்டுக்குப் போனேன். பிழை என்றால் என்ன நடந்தது, என்ன நடந்திருக்கணும், எந்தப் பதிப்பு, மற்றவர் தன் மெஷினில் ஓட்டிப் பார்க்க ஆகச் சின்ன கோட் எது, இதெல்லாம் எழுதணும். 'தமிழ் வேலை செய்யல' என்று எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 'மாத்தளை கொடுத்தேன், ஒன்று வரணும், மூன்று வந்தது' என்றால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் பத்து வினாடியில் பார்த்துவிடலாம். மூன்று வரி எழுதி முடித்தேன். அனுப்புவதற்கு முன்னால், ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்காங்களா என்று தேடினேன்.

சொல்லியிருந்தார்கள். 2007இல். தேவநாகரி எழுத்தில் வேலை செய்த ஒருவர், சொற்கள் துண்டு துண்டா வெட்டுப்படுது, உயிர்க்குறிகளை எழுத்தா எடுக்காததுதான் காரணம் போல, என்று எழுதியிருக்கிறார். நான் அன்று இரவு கண்டுபிடித்த அதே விஷயம். அப்போ நான் இன்னும் பள்ளிக்கூடமே போகல. 2011இல் இன்னொருவர், யூனிகோடு அமைப்பு ரெகெக்ஸுக்கு வகுத்த விதிமுறையையே காட்டி, பைத்தன் அதை மீறுகிறது என்று விரிவா எழுதியிருக்கிறார். 2022இல் பைத்தன் தன் பதிவேடு முழுவதையும் கிட்ஹப்புக்கு மாற்றியது. இந்த டிக்கெட்டுகளும் மூட்டை முடிச்சோடு கூடவே போயின. நான் போய்ப் பார்த்த இரவு அந்த 2011 டிக்கெட் மூடப்படாமலே இருந்தது.

முதலில் கோபம் வந்தது. ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. அந்த ரெகெக்ஸ் குறி இப்படித்தான் நடக்கும் என்று பைத்தன் தன் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதை நம்பி உலகம் முழுக்க ப்ரோக்ராம்கள் ஓடுது. நாளைக்கு மாற்றினால் எங்கேயோ ஒன்று உடையும். அதனால் திருத்தினது வெளியே நடந்தது: மத்தியூ பார்னெட் என்பவர் 'ரெகெக்ஸ்' என்ற பெயரிலேயே தனி லைப்ரரி எழுதி வைத்திருக்கிறார். அதில் மாத்தளை மாத்தளையாவே வருது. தமிழுக்கென்றே முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' லைப்ரரியும் இருக்கு. அது மா, த், த, ளை என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். எழில் என்ற தமிழ் நிரல்மொழியைச் செய்தவரும் அவர்தான். நியாயம் எனக்குப் புரியுது. ஆனாலும் சொல்றேன்: வெட்டுப்படுவது ஆங்கிலச் சொல்லாக இருந்தால் இது இத்தனை வருஷம் கிடந்திருக்காது.

கோ மொழியில் கதை நேர்மாறு. அங்கே கம்பைலரே ஒத்துக்கொள்ளாது. மாறியின் பெயரில் எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டும்தான், சேர்ந்து வரும் குறிகளுக்கு இடமில்லை. இதனால் தேவநாகரி மாதிரி எழுத்துகள் வெளியே நிற்கின்றன என்று அவர்களே தங்கள் கேள்வி-பதில் பக்கத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். பிழை அல்லவாம், வடிவமைப்பு.

இதை அண்ணாவிடம் புலம்பியபோது, "நம்ம நாட்டுலயே ஒரு மொழி இருக்கே, அதைப் பாத்தியா?" என்றார். பலரீனா. கொழும்பின் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்திலிருந்து 2017இல் வெளியே வந்த மொழி. வடிவமைப்பில் முதன்மையானவர் ஜேம்ஸ் கிளார்க். தமிழில் பெயர் வைக்க இடம் இருக்கு. நீளம் கேட்டால் மாத்தளைக்கு ஏழு என்றுதான் சொல்லும். ஆனா எனக்குப் பிடித்தது அதுவல்ல. அதன் பிழைப் பதிவேடு வெளியே திறந்து கிடக்கு. கம்பைலருக்கு ஒரு பதிவேடு, லைப்ரரிகளுக்கு இன்னொன்று, மொழியின் விதிகளுக்கு வேறொன்று. ஒவ்வொரு டிக்கெட்டிலும் இது பிழையா, மேம்பாடா, புது வசதியா என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கம்பைலரே தடுக்கி விழுந்தால், மோசம், கவலை என்று வருத்தப்பட்டு, தன்னை உடைத்த கோடை அனுப்பித் தாங்க என்று கேட்கும். ரெண்டு நாள் வேலையை விட்டுட்டு அந்த டிக்கெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் சொல்வார், இன்னொருத்தர் என் மெஷினில் வரல என்பார், முதலாமவர் பதிப்பு எண்ணைச் சொல்வார், பிறகு யாரோ திருத்துவார்கள். யாரும் யாரையும் "நீ யாரு?" என்று கேட்கவில்லை.

அப்போதான் அம்மாயியின் கடதாசிப் பை ஞாபகம் வந்தது. செக்ரோலில் அவள் பெயர் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே எழுத்து. அதைப் பார்த்து யாரோ தமிழில் எழுதினபோது மரியாய். அடையாள அட்டையில் மாரியாய். ஈபிஎப் காசு எடுக்கப் போன இடத்தில் மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஜே.பி. கையொப்பத்தோடு சத்தியக் கடதாசி கேட்டார்கள். ஒன்றைத் திருத்தப் போனால் இன்னொன்று ஒத்துவராது. அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு மாத்தளை டவுனுக்கு எத்தனை தடவை பஸ் ஏறினாள் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் கதையை முதலிலிருந்து சொல்லணும், ஏன்னா போன தடவை சொன்னது எங்கேயும் எழுதப்படவில்லை. 2007 டிக்கெட்டுக்குக்கூட ஒரு இலக்கம் இருக்கு. அது தீரவில்லைதான். ஆனா அது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என் மூன்று வரியை அனுப்பவில்லை. ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்வது பதிவேட்டில் குப்பை சேர்க்கும். என் கோடைத் திருத்தினேன்: யூனிகோடு வகை 'எழுத்து' அல்லது 'குறி', ரெண்டில் எதுவானாலும் விடு. 271 பேரில் பெரும்பாலானோர் பாஸ். மறுநாள் பார்த்தால் வெறும் கொம்போடு தொடங்குகிற ஒரு பெயரும் பாஸாகியிருந்தது. பாமினியிலிருந்து மாற்றும்போது வந்த கோளாறு. எழுத்து இல்லாமல் குறி தொடங்கக் கூடாது என்று இன்னொரு வரி. பிறகு நானும் ஒரு கொப்பி எடுத்துப் பிழைகளுக்கு இலக்கம் போட ஆரம்பித்தேன். சோதனைப் பெயர்களில் முதல் வரி: மாரியாயி.

பிரின்ட் எடுத்த தாள்களை அம்மாயியிடம் காட்டினேன். அவளுக்கு மெதுவா வாசிக்க வரும். தன் பெயரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். மூன்றாவது தாளில் நின்றாள்.

"இது யாரு, கமல?"

"உங்க வகுப்புதானே அம்மாயி? இடாப்புல இருக்காம்."

"கமலன்னு யாரு இருந்தா? கமலா. மேட்டு லயத்துக் கமலா. ஒரு காலை விட்டுட்டியே புள்ள."

கொப்பியில் பதிந்தேன். இலக்கம் 14.